ஆம்பூரில் என் தீவு வீடு

என் மூக்கு மூன்று நாள்தான் வேலை செய்யும். நான்காம் நாள் காலையில் அது ஊரோடு சமாதானமாகிவிடும். அந்த மூன்று நாளை நம்பித்தான் எங்கள் குடும்பம் சாப்பிடுகிறது.

வீடு அந்தமானில், நீல் தீவில். என் கணவர் சேகர் அங்கே படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். தொழில் மட்டும் ஆம்பூரில். மனை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்கிற வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் வந்து போவேன். மற்ற நாட்களில் எல்லாம் போன்தான். எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு தென்னை மரத்தடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு நின்று, மாதனூரில் கிழக்குப் பார்த்த மனை இருக்கிறது என்று கத்திக்கொண்டிருப்பேன். வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

இவ்வளவு தூரத்தில் இருப்பவளை ஆம்பூர்க்காரர்கள் ஏன் தேடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் தூரம்தான். தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட மண் இது. பழைய டேனரிகளை மூடி, தொட்டிகளைத் தூர்த்து, மேலே செம்மண் கொட்டி மனை போட்டுவிடுகிறார்கள். பத்திரத்தில் அது வராது, வில்லங்கச் சான்றிலும் வராது. உள்ளூர்க்காரர்களின் மூக்குக்கு அந்த நாற்றம் எப்போதோ பழகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கோ எங்கே நின்றாலும் ஒரே நாற்றம். எது காற்றில் வருவது, எது காலடியில் இருந்து வருவது என்று பிரித்துச் சொல்ல, இங்கே பிறந்து வேறெங்கோ மூச்சு விடுகிற ஒருத்தி வேண்டும். அதனால் முதுகுக்குப் பின்னால் எனக்கு மூக்கக்கா என்று பெயர். எதிரில் மேடம்.

வேலை எளிது. மனையின் நடுவில் முழங்கை ஆழம் தோண்டி ஒரு கைப்பிடி மண் எடுப்பேன். ஈரக் கைக்குட்டையில் முடிந்து வைப்பேன். மறுநாள் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் பிரித்து மோந்து பார்ப்பேன். சுண்ணாம்புத் தொட்டி இருந்த மண்ணுக்கு ஒரு வாடை, மயிரும் சவ்வும் புதைத்த மண்ணுக்கு ஒரு வாடை. வாங்குகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்துத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவேன். அவ்வளவுதான்.

இந்தத் தடவை கிளம்பியபோது ஃபெர்ரியில் பக்கத்தில் ஒரு வங்காளி அம்மாள். மடியில் வாத்து ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஊருக்கு என்றேன். "அப்படியென்றால் இங்கே இருப்பது என்ன?" என்று தீவைக் காட்டினாள். அதுவும் ஊர்தான் என்றேன். அவள் வாத்தின் தலையைத் தடவியபடி, "இரண்டு வீடு இருப்பவளுக்கு ஒன்றில் எப்போதும் பூட்டு தொங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சென்னையில் இறங்கி ரயில் மாறி, அரக்கோணம் தாண்டியதும் சுண்டல் வாங்கித் தின்றேன். வாலாஜா ரோடு நெருங்கும்போது முதல் தோல் வீச்சம் வந்தது. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டேன். எதிர் சீட்டில் ஷூ கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, இந்தப் பக்கம் புதுசா?" என்றாள்.

"ஆம்பூர்லதாம்மா பொறந்தேன்."

"அப்போ ஒனக்கு எப்படி வாசன வருது?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. இறங்கும்வரை அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மூக்கு சரியாக வேலை செய்வதில் நிம்மதி. அன்றைக்கு நிம்மதிப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் நயாஸ் பாய் ஆட்டோவை எடுத்துக்கொண்டு லாட்ஜ் வாசலுக்கு வந்தார். பத்து வருடமாக எனக்கு அவர் வண்டிதான். மதியத்துக்குள் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் கைக்குட்டைக்கே வேலை இல்லை. இறங்கி நான்கு அடி வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஏறிவிட்டேன். இன்னொன்றில் மண்ணை முடிந்துகொண்டேன். நயாஸ் பாய் போனில் மனைவியிடம் உருதுவில், "பகல் சாப்பாட்டுக்கு வரமாட்டேன், மேடத்துக்கு மண் தோண்டுகிறேன், புதையல் கிடைத்தால் உனக்கும் ஒரு வளையல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு பஜாரில் பிரியாணி. தீவில் மூன்று வேளையும் மீனும் தேங்காயும்தான், இந்தச் சீரகச் சம்பாவுக்காகவே உயிர் போகும். கத்திரிக்காய் பச்சடியை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். எதிரில் வசந்தி சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தி குடியாத்தம். அவளும் கணவன் பாபுவும் வாடகை வீட்டில் இரண்டு பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறார்கள். தறி ஓடும் அறையிலேயே சமையல், அதிலேயே படுக்கை. மகள் பவித்ராவுக்கு ஏழு வயது. அவளுக்குச் சத்தமாகப் பேசத்தான் தெரியும். மெல்லப் பேசினால் கேட்பதில்லை. குழந்தையை அந்தச் சத்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இருக்கிற செவியாவது மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இவர்களுக்கு வீடு. தறிகள் அங்கேயே இருக்கும், பாபு போய் வருவான். பிள்ளை படுக்கிற இடம் மட்டும் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும்.

"ரெண்டு மாசமா ஒனக்காகத்தான்க்கா காத்துனு இருக்கோம்," என்றாள் வசந்தி. "ப்ரோமோட்டரு பேஜார் பண்றாரு, வேற பார்ட்டி வந்துட்டாங்கன்னு. நான் சொல்லிட்டேன், அக்கா வந்து மோந்து பாக்கட்டும். நீ சரின்னா சரி. நாங்க வேற எதையும் பாக்க மாட்டோம்."

"தாத்தா கட்டின ஊடாம்மா அது?" என்று, காதில் அரைகுறையாக விழுந்ததை வைத்து, பவித்ரா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். புது வீடு என்று வசந்தி அதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

அந்த இடம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, பள்ளிகொண்டா போகிற திக்கில். வசந்தியும் பாபுவும் பிள்ளையோடு பைக்கில் பின்னால் வந்தார்கள். வாசலுக்கு நூறு அடி இருக்கும்போது ஆட்டோ நின்றுபோனது. நயாஸ் பாய் இறங்கி எதை எதையோ ஊதிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டின் பக்கம் பார்த்தவர், "நீங்க போய்ட்டு வாங்க மேடம், நான் இங்கியே நிக்கறேன்" என்றார். எப்போதும் என்னோடு வந்து மண் தோண்டித் தருகிறவர். ஏன் என்று கேட்டேன். "இந்த எடம் ரொம்ப அமைதியா கீது" என்றார். குடியாத்தத்துக் குடும்பத்துக்கு அதுதானே வேண்டும் என்று சிரித்துவிட்டு நடந்தேன்.

கேட்டுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். என் வீடு அங்கே இருந்தது.

பச்சைத் தகரக் கூரை. நீல ஜன்னல்கள். வராந்தாச் சுவரில் ஒரு வரிசை சங்குகள் பதித்திருந்தன. இரண்டு தூணுக்கு நடுவில் வலை ஊஞ்சல். படிக்கட்டின் ஓரத்தில் சேகர் படகு பெயின்ட்டில் போட்டிருக்கும் அதே மஞ்சள் கோடு. சுற்றிலும் தென்னைகள், பளபளவென்று. இரண்டு நாளைக்கு முன்னால் நான் விட்டுவிட்டு வந்த வீடு, எனக்கு முன்னால் இங்கே வந்து நின்றுகொண்டிருந்தது.

"இன்னா மேடம், எப்படி?" என்று ப்ரோமோட்டர் குமரேசன் வந்தார். "ஒங்க வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போட்டோவ எல்லாம் சேத்து இன்ஜினியர் கையில குடுத்தேன். மாடல் ஹவுஸ். லேஅவுட்டுக்கே ஐலண்ட் கார்டன்னு பேரு வெச்சிட்டேன்."

கேட்காமல் என் வீட்டை எடுத்துக் கட்டியிருக்கிறார், நான் கத்தியிருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தத் தோன்றவில்லை. இரண்டு நாள் பயணத்தில் உடம்பு வீட்டைத் தேடியிருக்க வேண்டும். வராந்தாவில் ஏறியதும் செருப்பை இடது பக்கம், எங்கள் வீட்டில் விடுகிற இடத்தில் விட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி செருப்பு இருந்தது, காவலுக்கு இருக்கும் செல்வியுடையது.

உள்ளே ஒவ்வோர் அறையாகப் போனேன். கூடம் சரி, சமையலறை மேடை சரி. பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தேன், வரவில்லை. கை தானாகக் கதவைக் கொஞ்சம் தூக்கி, தோளால் தள்ளி, மறுபடி இழுத்தது. திறந்துகொண்டது. எங்கள் வீட்டுப் பின்கதவை அப்படித்தான் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும். இங்கேயும் துருதான், உதிரி உதிரியாக. கீழே பார்த்தால் சுவரில் கணுக்கால் உயரத்துக்குப் பெயின்ட் இதழ் இதழாக உரிந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அதே உயரத்தில்தான் உரியும்.

தாழ்ப்பாளையும் உரிந்த சுவரையும் நான் ஒருநாளும் படம் எடுத்துப் போட்டதில்லை.

கைமயிர் சிலிர்த்துவிட்டது. "கட்டி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். ஆறு மாதம் என்றார் குமரேசன். புதுச் சுவர், ஈரம் காய வேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன்.

அப்போதுதான் வாசனை வந்தது. தோல் நாற்றம் இல்லை. வீட்டுக்கு வெளியே காற்றில் இருந்ததுகூட இங்கே மங்கிவிட்டது. கடல் வாசனை. விடியற்காலையில் தண்ணீர் பின்வாங்கியதும் ஈர மணலில் இருந்து வருமே, அது. கூடவே மெல்லிய இரைச்சல், விட்டு விட்டு அலை வருவது போல. லாரிகள் போகிற சத்தம் அது, நெடுஞ்சாலை முக்கால் கிலோமீட்டர்தான். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன், கடல் இருக்கிறதா என்று.

கடல் இல்லை. ஒரு பசு மாடு இருந்தது. பின்சுவரின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு சிமென்ட்டில் உரசுகிற சத்தம் அறைக்குள் கேட்டது, சரக் சரக்கென்று. அது கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

செல்வி கோலோடு வந்தாள். "தெனம் வருதும்மா. எங்கெங்கியோ இருந்து நடந்து வருதுங்கோ. வெரட்டுனா போவும், திரும்ப வந்துடும். இந்த செவுத்துல இன்னா ருசியோ."

"எங்க தீவுலயும் ஆடுங்க வந்து படக நக்கும்," என்றேன்.

"இங்க மட்டும் ஒரு வாசன அடிக்குதே, அது இன்னா வாசன மேடம்? மழ பேஞ்சா ஜாஸ்தியா வருது."

"கடல் வாசனை."

செல்வி கடலைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "கடலு இப்படியா இருக்கும்?" என்றாள். அவள் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் கேன் இருந்தது. பாதத்தில் பாளம் பாளமாக வெடிப்பு. வேப்பங்கன்று மூன்று தரம் வைத்தோம், மூன்றும் கருகிவிட்டது, தென்னை மட்டும்தான் பிடிக்கிறது என்றாள். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் என்றேன். அன்று மாலை எதைக் காட்டினாலும் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

மண்ணை நானே தோண்டினேன். மேலே லேசாக வெள்ளை பூத்திருந்தது. கடல் மணல் கொண்டுவந்து கொட்டினீர்களா என்று குமரேசனைக் கேட்டேன். அவர் சிரித்தார், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் பார்க்க வேண்டுமே என்றேன். போர் போட்டாயிற்று, கரண்ட் சர்வீஸ் இன்னும் வரவில்லை, இந்த வாரத்தில் வந்துவிடும் என்றார். வேறு எந்த இடமாக இருந்தாலும் தண்ணீர் வாயில் படாமல் நான் நகர்ந்ததில்லை.

கைக்குட்டையை முடிந்துகொண்டு திரும்பினால் பவித்ரா வலை ஊஞ்சலில் படுத்திருந்தாள். வசந்தி கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் பவித்ரா. கத்தவில்லை. சாதாரணக் குழந்தைகள் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். "இங்க ஏதோ உஸ்ஸு உஸ்ஸுன்னு கேக்குதும்மா."

வசந்தி வராந்தாவிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாபு தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். அப்போதே நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு மூவரும் லாட்ஜுக்கு வந்தார்கள். கட்டில் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில், முந்தின நாள் காலையில் பார்த்த இன்னொரு மனையின் முடிச்சைப் பிரித்தேன். சுண்ணாம்பும் அழுகலும் மூஞ்சியில் அறைந்தது. அதைக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். மூக்கு கூர்மையாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஐலண்ட் கார்டன் முடிச்சைப் பிரித்தேன்.

கடல். வேறு எதுவுமே இல்லை. ஆம்பூரில் ஒரு லாட்ஜ் அறையில், டிவிக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில், என் வீட்டு வாசல் விரிந்து கிடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவுறியேக்கா," என்றாள் வசந்தி. "கெட்டதா?"

"இல்லம்மா. சுத்தமா இருக்குது. எங்க வீட்டு வாசனை."

பத்திரம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. என் ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாம் நின்றிருந்தது. மனை வேண்டாம், அந்த மாடல் வீட்டையே வாங்கிக்கொள்கிறோம் என்று வசந்தி சொல்லிவிட்டாள். ஐந்தாம் நாள் பதிவு அலுவலகத்தில் பாபு கட்டைவிரலை அழுத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன். அதற்குள் என் மூக்கு படுத்துவிட்டது. பஜார் எனக்கு மணக்கவும் இல்லை, நாறவும் இல்லை. பவித்ரா எனக்கு ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கொடுத்தாள். நயாஸ் பாய்க்கும் ஒன்று. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

தீவுக்குக் கிளம்பும்போது அந்தக் கைக்குட்டையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மண்ணோடு சேர்த்துப் பெட்டியின் ஓரப் பையில் செருகினேன். குமரேசன் லேஅவுட் முழுவதையும் என்னிடமே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அது விற்று முடிந்தால் இனி இந்த ரயில் வேண்டாம், தீவிலேயே இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். சேகரிடம் பேடாவைக் கொடுத்து, ஆம்பூரில் நமக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்று போட்டோ காட்டினேன். சேகர் ரொம்ப நேரம் பார்த்தார். "படியில் அந்தக் கோட்டை நான் கை நடுங்கிக் கோணலாகப் போட்டேன். கட்டினவன் அந்தக் கோணலையும் போட்டிருக்கிறான்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

தீவுக்குத் திரும்பிய நான்காம் நாள் காலையில் தென்னை மரத்தடியில் நின்றிருந்தபோது வசந்தியின் போன் வந்தது. அன்றைக்குப் புதுமனை புகுவிழா. வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அக்கா, பால் திரிஞ்சிடுச்சி," என்றாள்.

புது வீட்டில் பால் பொங்க வேண்டும். அந்த வீட்டுத் தண்ணீரை ஒரு கை விட்டுத்தான் காய்ச்சுவார்கள். முந்தின நாள்தான் கரண்ட் சர்வீஸ் வந்து மோட்டார் ஓடியிருக்கிறது. பால் பொங்காமல் கட்டி கட்டியாகப் பிரிந்து நின்றுவிட்டதாம். பாத்திரம் கழுவவில்லையோ என்று தேய்த்துக் கழுவி மறுபடி வைத்தார்கள். பாலை மாற்றி மூன்றாம் தரம் வைத்தார்கள். மூன்றும் திரிந்தது. வந்த சொந்தக்காரர்கள் இலையில் உட்காராமலே ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

"எங்க மாமியா இன்னா சொல்றாங்கன்னா, இது வேற யாரு ஊட்டையோ பாத்துக் கட்டுன ஊடாம். அந்த ஊட்ல இருக்கறது இங்க வந்து குந்திக்கினு இருக்குதாம். வெள்ளிக்கெழம பூசாரிய வரச் சொல்லிட்டாங்க." பிறகு கேட்டாள்: "தப்பா எடுத்துக்காதக்கா. ஒங்க ஊட்ல யாராச்சும் செத்து கித்து இருக்காங்களா?"

நான் திரும்பி என் வீட்டைப் பார்த்தேன். பச்சைக் கூரை, நீல ஜன்னல். வராந்தாச் சுவரின் அடியில், பெயின்ட் உரிந்த இடத்தில், எங்கள் பக்கத்து வீட்டு ஆடு தலையைக் குனிந்து நக்கிக்கொண்டிருந்தது. சரக் சரக்கென்று இங்கேவரை கேட்டது.

"வசந்தி, வெச்சிடாதே, லைன்லயே இரு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தேன். கைக்குட்டை அப்பளம் போல விறைத்திருந்தது. ஈரம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக முள் பூத்து, வெளிச்சத்தில் மின்னியது. நாக்கில் வைத்தேன். வைக்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

உப்பு.

எங்கெங்கிருந்தோ வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டித்தான் லாரியில் ஏற்றுவார்கள். டேனரியில் இறக்கியதும் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. ரத்தமும் மயிரும் ஊறிய அந்த உப்பு பிறகு எதற்கும் ஆகாது. காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு நிலத்தை வாய்ப்பேச்சில் வாடகைக்குப் பிடித்துக் கொட்டுவார்கள். எழுத்து எதுவும் இருக்காது. மழையில் கரைந்து உள்ளே இறங்கி, போர் தண்ணீரில் கலந்துவிடும்; அதில் ஒரு கை விட்டாலே பால் திரியும். ஆம்பூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. எனக்கும் தெரியும். மாடு வந்து நக்கிக் காட்டியது. தாழ்ப்பாள் துருவாக உதிர்ந்து காட்டியது. வேம்பு கருகியும் தென்னை தழைத்தும் காட்டின. எல்லாவற்றுக்கும் எங்கள் தீவிலும் அப்படித்தான் என்று நானே பதில் சொன்னேன். சுண்ணாம்பையும் சவ்வையும் பிடிக்கிற மூக்கு உப்பை விட்டுவிட்டது, ஏனென்றால் அது என் வீடு.

மரத்தடிக்குத் திரும்பினேன். மூச்சு வாங்கியது.

"பேய் இல்ல வசந்தி. கீழ பூரா தோல் உப்பு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. பாப்பாவுக்குக் குடுக்கவே குடுக்காதே."

அந்தப் பக்கம் தூரத்தில் லாரி இரைச்சல் மட்டும் அலை மாதிரி வந்து வந்து போனது. எது அவள் பக்கத்துச் சத்தம், எது என் பக்கத்துக் கடல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நடுவில் பவித்ராவின் குரல், மெல்ல, நல்ல பிள்ளையாக: "அம்மா, தண்ணி. இன்னும் கொஞ்சம்."

"நேத்துல இருந்து தண்ணி தண்ணின்னு கேட்டுனே இருக்குறா," என்றாள் வசந்தி.

"நான் நாளைக்கே கிளம்பி வர்றேன். குமரேசனை விடமாட்டேன். பத்திரத்த ரத்து பண்ணி, நீ குடுத்தது எல்லாத்தையும் வாங்கித் தர்றேன். அது என் பொறுப்பு."

"வாக்கா," என்றாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "பேயா இருந்தா வெள்ளிக்கெழம ஓட்டிடலாம்னு நெனச்சினு இருந்தோம். அப்போ பூஜ போட்டா இது போவாதாக்கா?"

"போவாதும்மா," என்றேன்.

உள்ளே போய்ப் பெட்டியில் துணிகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தேன். சேகர் அறை புழுங்கியதால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ஈர மணலைத் தொட்டுக்கொண்டு காற்று உள்ளே வந்தது.

"ஜன்னலைச் சாத்துங்க," என்றேன்.